ஒரே படகில் தராசும் குடையும்

பாய் கடை டிவியில் நிறம் கிடையாது. எந்தக் கட்சித் தலைவராக இருந்தாலும் அதில் சாம்பல் நிறச் சட்டையில்தான் வருவார். ஏரிக்காற்று பலமாக அடித்தால் ஆன்டெனா திரும்பிக்கொண்டு படம் நெளியும். அப்போது எல்லோரும் தண்ணீருக்கு அடியில் நின்று பேசுவதுபோல் இருக்கும்.

அன்று சாயங்காலமும் நெளிந்துகொண்டுதான் இருந்தது. நான் இஞ்சி மரப்பா வாங்கப் போயிருந்தேன். மசக்கை. எதைத் தின்றாலும் குமட்டுகிற நேரம்.

கடையின் இரண்டு பெஞ்சுகளும் நிறைந்திருந்தன. தெற்குப் பெஞ்சு தராசுக் கட்சிக்காரர்களுடையது. அதன் நடுவில் என் நைனா. (எங்கள் பழவேற்காட்டுப் பக்கம் அப்பாவை நைனா என்போம். ஆந்திரா கூப்பிடு தூரத்தில் இருப்பதால் ஒட்டிக்கொண்ட சொல்.) வடக்குப் பெஞ்சு குடைக் கட்சிக்காரர்களுடையது. அதன் ஓரத்தில் என் வீட்டுக்காரர் தேசப்பன். மாமனாரும் மருமகனும் பேசிக்கொள்வது நின்று ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. தேர்தல் முடிந்து, தில்லியில் யாருக்கும் பெரும்பான்மை இல்லை என்று இழுபறியாகக் கிடந்த நாட்கள் அவை.

டிவியில் ஒரு மேடை தெரிந்தது. நம் மாநிலத்தில் ஒருவரை ஒருவர் நாறடித்துப் பேசிய இரண்டு பேர், தராசின் தலைவரும் குடையின் தலைவரும், பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றார்கள். கைகளைக் கோத்து மேலே தூக்கினார்கள். பிறகு கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். தில்லியில் அமையப்போகும் ஒரே அரசில் இரண்டு கட்சிகளும் பங்கு என்று செய்தி வாசிப்பவர் சொன்னார்.

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. பாய் அதைக்கூட இறக்கவில்லை.

"இன்னா பாய், பழைய படம் எதுனா போட்டுட்டானா?" என்றார் நைனா.

"இப்ப நடக்கறதுதான் கோயிந்தண்ணே. நேரடின்றான்."

இரண்டு பெஞ்சிலும் ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. முதலில் எழுந்தவர் நைனா. டீயைப் பாதியில் வைத்துவிட்டுத் தெற்கே போனார். தேசப்பன் எழுந்து வடக்கே போனார். நான் மரப்பாவை வாயில் போட்டுக்கொண்டு, யார் பின்னால் போவது என்று தெரியாமல் நடுவில் நின்றேன்.

வலப்பக்கம், இடப்பக்கம்

என் கல்யாணத்தைப் பற்றிப் போன வாரம் எழுதியிருந்தேன். புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வரி. நைனாவிடம் படகு இருந்தது, நல்ல வலை இல்லை. தேசப்பனிடம் நல்ல வலை இருந்தது, படகு இல்லை. எனக்கும் அவருக்கும் பூ வைத்த அன்றே படகுக்கும் வலைக்கும் பேசி முடித்துவிட்டார்கள். இதைச் சொல்லி நான் இன்றுவரை வீட்டில் வம்பிழுப்பதுண்டு. அவர் சிரிப்பார்.

ஒரு வருஷம் நன்றாகப் போனது. அப்புறம் தேர்தல் வந்தது.

ஒருநாள் விடியலில் தேசப்பன் யாரையும் கேட்காமல் படகின் வலப்பக்கத்தில் பெரிதாக ஒரு குடையை வரைந்து வைத்துவிட்டார். நல்ல நீலப் பெயின்ட். கைப்பழக்கம் உள்ளவர், குடையின் கம்பிகூட எண்ணுகிறமாதிரி இருந்தது. நைனா வந்து பார்த்தார். உளியை எடுத்துச் சுரண்டப் போனார். அம்மா ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பலகையச் சொரண்டாதய்யா, தண்ணி பூந்துடும். கட்சிக்காரனா வந்து அடைச்சுக் குடுப்பான்?"

நைனா உளியைப் போட்டார். விறுவிறுவென்று போய்ச் சிவப்புப் பெயின்ட் வாங்கி வந்து, படகின் இடப்பக்கத்தில் ஒரு தராசை வரைந்தார். அவருக்கு வரையவே வராது. ஒரு தட்டு மேலேயும் ஒரு தட்டு கீழேயுமாகத் தொங்கியது.

தேசப்பன் அங்கே வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். "இன்னா மாமா, ஒரு பக்கம் இழுத்துகினு கீது?" என்று சிரித்துவிட்டார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள்.

நைனாவின் கழுத்து நரம்பு புடைத்தது. "குடைக்காரன் ஊட்டு வாசப்படிய இனிமே இந்தக் காலு மிதிக்காது," என்றார். படித்துறை முழுக்கக் கேட்டது.

அன்றிலிருந்து படகு கரையேறிக் கிடந்தது. குடை இருக்கிற வலப்பக்கத்தை மதில்சுவரோடு ஒட்டி, யார் கண்ணிலும் படாமல் நிறுத்தியிருந்தார் நைனா. வலை எங்கள் வீட்டுக் கொல்லையில் தொங்கியது. இருவரும் தனித்தனியாக அடுத்தவர் படகுகளில் ஆளாகப் போய்வந்தார்கள்.

சீட்டு குலுக்கினாங்களா?

தில்லியில் கூட்டணி அரசு அமைந்த செய்தியை எங்கள் குப்பம் வாங்கிக்கொண்ட விதத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. அன்று யாரும் சிரிக்கவில்லை.

தராசு தோற்றால் மொட்டை அடித்துக்கொள்வதாகச் சவால் விட்டவர் ஒருவர் இருந்தார். ஜெயித்தோமா, தோற்றோமா என்றே தெரியாமல் முடியோடு அலைந்தார். கொடிக்கம்பத்தில் இரண்டு கொடியையும் சேர்த்துக் கட்டச் சொல்லி மேலிடத்து ஆட்கள் வந்தார்கள். கயிறு இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினோம். மீன்பிடிக்கிற ஊரில் கயிறு இல்லையாம்.

பெரும்பாலோருக்கு முதலில் தோன்றியது வேறு. கூட்டணி என்றால் பாடு மாதிரி என்று நினைத்துக்கொண்டார்கள்.

பாடு என்றால் முறை. ஏரியில் இறால் ஓடுகிற இடம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது. அதனால் இன்றைக்கு இந்த இடம் இன்னாருக்கு, நாளைக்கு இன்னொருவருக்கு என்று வருஷத் தொடக்கத்தில் ஊர் கூடிச் சீட்டு குலுக்கிப் பிரித்துக்கொள்வோம். பெரிய படகுக்காரன், சின்ன படகுக்காரன் என்ற பேச்சில்லை. முறை வந்தால் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் அந்த முறை போனது போனதுதான்.

ஆகவே தராசு கொஞ்ச நாள் ஆளும், பிறகு குடை ஆளும் என்று பேசிக்கொண்டார்கள். "யாரு முன்னாடி சீட்டு குலுக்கினாங்களாம்?" என்று ஒரு பெண் இறால் தலையைக் கிள்ளிக்கொண்டே கேட்டாள். குலுக்கவில்லை, பேசி எடுத்துக்கொண்டார்கள் என்று தெரிந்ததும் சப்பென்று ஆகிவிட்டது.

ஊர் நாட்டார்தான் அதை உடைத்துச் சொன்னார். எங்கள் குப்பத்தில் வழக்கு, பாடு எல்லாம் தீர்த்து வைப்பவர் அவர். "நம்ம ஊர்ல யார் யாரோட ஒரே படகுன்றத சீட்டு எடுக்கறதுக்கு முன்னாடி கூட்டத்து நடுவுல நின்னு சொல்லணும். மீனைப் பார்த்துட்டு வந்து கூட்டுன்னு சொன்னா செல்லாது. அவங்க மீனைப் பார்த்துட்டுத்தான் கூட்டு சேர்ந்துகீறாங்க."

அதன் பிறகு எத்தனையோ கூட்டணி பார்த்துவிட்டேன். டிவியில் கோட்டு போட்டவர்கள் வட்டமாக உட்கார்ந்து மக்கள் தீர்ப்பு என்று பேசுவார்கள். மீனைப் பார்த்துவிட்டுச் சேர்ந்தது என்று நாட்டார் சொன்னதற்கு மேல் ஒருவரும் சொல்லவில்லை.

எனக்கு வேண்டியது

எனக்குத் தில்லி முக்கியமில்லை. அந்தக் கட்டிப்பிடித்தலைப் பார்த்ததும் என் மனசுக்குள் ஒரு விளக்கு எரிந்தது. தலைவர்களே சேர்ந்துவிட்டார்கள், இனி நைனா வருவார், என்னைத் தலைப்பிரசவத்துக்குக் கூட்டிப் போவார் என்று நினைத்தேன்.

அம்மா வீடு இரண்டு தெரு தள்ளித்தான். அவள் குழம்பு கொதித்தால் எங்கள் வீட்டுக்கு வாசம் வரும். ஆனால் நானாக எழுந்து போக முடியாது. அப்பா தாம்பாளத்தோடு வந்து அழைக்க வேண்டும். அழைக்காமல் போனால் பிறக்கப்போகிற குழந்தைக்கும் சேர்த்துப் பேச்சு வரும்.

விளக்கு எரிந்த வேகத்தில் அணைந்தது. சமாதானம் பேசப்போன அம்மாவிடம் நைனா கத்தியது தெருவுக்கே கேட்டதாம். "அவங்க சண்ட போடுன்னா போடறதுக்கும், சேருன்னா சேர்றதுக்கும் நான் இன்னா துடுப்பா? இப்பப் போய் நின்னா, தில்லில சொன்னாங்க, கோயிந்தன் வந்துட்டான்னு ஊரு சொல்லும். சேரணும்னா எனக்காத் தோணி சேரணும்."

தேசப்பனும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார். "நான் போனா, கட்சி சொல்லித்தான் வந்தேன்னு ஆயிடும், வள்ளி."

கூட்டணி வந்ததால் சண்டை முற்றியது. இந்த ஆண்பிள்ளைகளின் ரோஷத்தை எந்த ஏரியில் கரைப்பது என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அழுகையும் வந்தது. இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருந்ததுதான் இன்னும் எரிச்சல்.

கல்வாசல்

அந்த மாதங்களில் ஒரு கனவு திரும்பத் திரும்ப வரும். பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அதன் வாசலில் இருபுறமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கும். பள்ளிக்கூடம் போகும்போது அவற்றுக்கு வணக்கம் வைத்துவிட்டுப் போவோம். பயம் கிடையாது, ஊர்க்காரர்கள் மாதிரி.

உள்ளே ஒரு கல்லின் கீழே இளம்பெண் ஒருத்தியும் அவள் கைக்குழந்தையும் இருப்பதாகச் சொல்வார்கள். உண்மையோ, சும்மா சொல்வதோ. கடல் தாண்டி வந்தவளுக்குத் தாய் வீடு எங்கே இருந்திருக்கும்? யார் தாம்பாளம் கொண்டு வந்திருப்பார்கள்? கனவில் அவள் ஏரிக்கரையில் நிற்பாள். தண்ணீர் பால் மாதிரி இருக்கும். பூநாரைகள் ஒற்றைக்காலில் தூங்கும். அவள் என் பக்கம் திரும்பி, "உனக்குத்தான் பக்கத்துத் தெருவாச்சே" என்பாள். தமிழில்தான் சொல்வாள், அதுவும் எங்கள் குப்பத்துக் குரலில். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழித்துவிடுவேன்.

பொன்னேரி ஆஸ்பத்திரி தூரம். மழைக்காலத்தில் சாலை எங்கே, தண்ணீர் எங்கே என்று தெரியாது. எனக்கு அம்மா வேண்டும், அவ்வளவுதான். பிரசவ நேரத்தில் என் தலையை அவள் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். அவள் தினமும் கொல்லை வழியாகக் கிண்ணத்தில் சுறாப்புட்டு கொண்டு வருவாள். திரும்பிப் போகும்போது புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

டச்சு வாசலைப் பற்றி பாய் ஒருமுறை சொன்னார். "அந்த ரெண்டு எலும்புக்கூடும் எம்மா காலமா எதிரும் புதிருமா நின்னுகினு கீது பாரு. ஒண்ணு உழுந்தா இன்னொண்ணு மட்டும் வாசலத் தாங்குமா?" நைனா காதில் விழட்டும் என்றுதான் சொன்னார். நைனா டீயில் சர்க்கரை போதவில்லை என்றார்.

முறை வந்தது

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஏரி பெருகி எங்கள் கொல்லை வரை வந்தது. தண்ணீரில் புது மண் வாசனை. இறால் ஓட ஆரம்பித்துவிட்டது என்று குப்பம் முழுக்க ஒரு சுறுசுறுப்பு. எனக்கு ஒன்பதாம் மாதம் பிறந்தது.

அப்போதுதான் எங்கள் படகின் பாடு வந்தது. முகத்துவாரத்தை ஒட்டிய இடம், இருப்பதிலேயே நல்ல இடம்.

நைனா தனியாக நாட்டாரிடம் போனார். தேசப்பனும் தனியாகப் போனார். இருவரும் கேட்டது ஒன்றுதான்: எனக்கு வேறு ஆளைக் கூட்டுச் சேர்த்துக்கொடுங்கள்.

நாட்டார் இருவருக்கும் ஒரே பதில் சொன்னாராம். "சீட்டு எடுக்கறதுக்கு முன்னாடி, நானும் அவரும் ஒரே படகுன்னு நடுவுல நின்னு சொன்னது யாரு? வருஷம் முடியற மட்டும் அது ஒரே படகுதான். தில்லில சேர்ந்தாலும் ஒண்ணுதான், பிரிஞ்சாலும் ஒண்ணுதான். எறங்கலன்னா பாடு போச்சு."

அன்று விடியலில் கொல்லைக் கதவைத் திறந்து பார்த்தேன். மூட்டம். மேகம் ஏரியில் இறங்கிக் கிடந்தது. மதில்சுவரை விட்டுப் படகு தண்ணீருக்கு வந்திருந்தது. நைனா முன்னால் கழியோடு நின்றார். தேசப்பன் தோளில் வலையோடு போய்ப் பின்னால் ஏறினார். படகு போய் மூட்டத்துக்குள் கரைந்தது.

உள்ளே நடந்ததைப் பிறகு இருவரும் தனித்தனியாக எனக்குச் சொன்னார்கள். இரண்டு பேர் சொன்னதும் ஒத்துப்போனதால் நம்புகிறேன்.

ஒருவரோடு ஒருவர் பேசாமல் வலை கட்ட முடியாது. ஆகவே நைனா, வலை கட்ட ஊன்றும் கழியோடு பேசினார். "ஏ கழி, கொஞ்சம் அந்தாண்ட போய் ஊனிக்க." தேசப்பன் அந்தாண்டை போய்க் கழியை ஊன்றினார். பிறகு அவர் வலையோடு பேசினார். "வலையே, ஒன்ன இழுத்துப் புடிக்கறவருக்குக் கை தளர்ந்துடுச்சா?" நைனா இறுக்கிப் பிடித்தார். இப்படியே வலை நின்றது. நீரோட்டம் மாறக் காத்திருந்தார்கள். மழை தூறியது. ஒரே தார்ப்பாயை இருவரும் ஆளுக்கொரு முனையாகப் போர்த்திக்கொண்டார்கள்.

வெகுநேரம் கழித்து நைனா கழியிடம் கேட்டார். "ஒம்பதாம் மாசம் பொறந்துடுச்சாமே?"

தேசப்பன் வலையிடம் சொன்னார். "ஆமா. சரியாத் தூங்கறதில்ல. அம்மா வேணும்னு அழுவுது. நான் ஆம்பள, எனக்கு இன்னா தெரியும்?"

நைனா கழியிடம்தான் சொன்னார். "வாசப்படி மிதிக்க மாட்டேன்னு வாய உட்டுட்டேனே."

"எங்க ஊட்டுக்குப் பின்னால வாசப்படியே கெடையாது," என்றார் தேசப்பன் வலையிடம். "அங்க தண்ணிதான் கீது."

கொல்லையில் ஒரு படகு

அந்தத் தில்லி அரசு ரொம்ப நாள் நிற்கவில்லை. என் மகள் தவழ ஆரம்பிப்பதற்குள் கவிழ்ந்துவிட்டது. கட்டிப்பிடித்தவர்கள் மறுபடி திட்டிக்கொண்டார்கள். அடுத்த தேர்தலில் நைனா தராசுக்கும் தேசப்பன் குடைக்கும் ஓட்டுப் போட்டுவிட்டு, ஒரே படகில் இறால் பிடிக்கப் போனார்கள். நான் யாருக்குப் போட்டேன் என்று இன்றுவரை இருவரும் கேட்டதில்லை. கேட்டால் மறுபடி படகு கரையேறிவிடும் என்று பயமாக இருக்கலாம்.

ஆனால் நான் சொல்லவந்தது, பாடு முடிந்த மறுநாள் காலை.

கொல்லையில் நின்று தலை உலர்த்திக்கொண்டிருந்தேன். மழை விட்டு, ஏரி மேல் இளவெயில். தெற்கே, அம்மா வீட்டுப் பக்கத்திலிருந்து நைனாவின் படகு வந்தது. அம்மா நடுவில் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் தாம்பாளம், அதில் வெற்றிலை, பூ, கண்ணாடி வளையல்கள். இரண்டு தெரு தள்ளி இருக்கிற வீட்டுக்கு வளையல் படகில் வருவதை எங்கள் குப்பம் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அக்கம்பக்கத்துக் கொல்லைகளில் எல்லாம் தலைகள் எட்டிப் பார்த்தன.

படகு கரையோரமாகவே வந்தது. கரையைப் பார்த்திருந்த இடப்பக்கத்தில் அந்தக் கோணல் தராசு சிவப்பாகத் தெரிந்தது. கிட்டே வந்தது. அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள். நைனா என்னைப் பார்க்கவில்லை. கழியை ஊன்றித் தள்ளினார். படகு எங்கள் வீட்டைத் தாண்டிப் போய்விட்டது.

எனக்கு உயிரே போய்விட்டது. மனசு மாறிவிட்டார், ஊர் பார்க்கிறது என்று ரோஷம் வந்துவிட்டது என்று நினைத்தேன். தேசப்பன் வேட்டியை மடித்துக் கட்டியபடி என் பக்கத்தில் வந்து நின்றார். தூரத்தில் அம்மா நைனாவிடம் ஏதோ கத்துவது கேட்டது.

கொஞ்ச தூரம் போய்ப் படகு நின்றது. மெதுவாகத் திரும்பியது. சின்ன இடம், சேறு வேறு, திருப்புவதற்கு நைனா ரொம்பப் பாடுபட்டார். பிறகு வடக்கிலிருந்து எங்களை நோக்கி வர ஆரம்பித்தது. இப்போது கரையைப் பார்த்திருந்தது வலப்பக்கம். மாதக்கணக்கில் மதிலோடு முகம் புதைத்துக் கிடந்த நீலக் குடை, கம்பி கம்பியாக, எங்கள் வீட்டைப் பார்த்து வந்தது.

படகு கொல்லையில் முட்டி நின்றது.

"இன்னா நைனா, தாண்டிப் போயிட்ட?" என்றேன். அழுகையில் பாதி வார்த்தைதான் வந்தது.

"தராசு ஒங்க ஊட்டப் பார்த்துகினு வந்துச்சு," என்றார். "அதான் திருப்பிகினு வந்தேன்."

அம்மா என் கையைப் பிடித்து ஏற்றினாள். நைனா கழியிடம் எதுவும் சொல்லவில்லை. நேராக மருமகனைப் பார்த்து, "மாப்ள, தள்ளி உடு," என்றார்.

"சரி மாமா."

தேசப்பன் முழங்கால் தண்ணீரில் இறங்கி, தான் வரைந்த குடையின் மேல் இரண்டு கைகளையும் வைத்து, படகைத் தள்ளிவிட்டார்.